பக்கத்தில் இரு, பார்க்காதே

யூட்யூபில் ஒரு பெண் பல ஆண்டுகளாகப் படித்துக்கொண்டே இருக்கிறாள். காதில் ஹெட்போன், கையில் பேனா, சன்னலோரம் ஒரு பூனை. கை எழுதுகிறது, எப்போதாவது தலை திரும்பிப் பூனையைப் பார்க்கிறது, மறுபடி நோட்டுக்கே வந்துவிடுகிறது. சில விநாடிகளே நீளும் அசையும் சித்திரம், முடிந்த கையோடு மீண்டும் தொடங்கும். பின்னணியில் மெல்லிய இசை. லோஃபை கேர்ள் என்று உலகெங்கும் அறியப்படும் இந்தப் பெண்ணை வரைந்தவர் ஹுவான் பாப்லோ மச்சாடோ என்ற ஓவியர். 2022 ஜூலையில் தவறான காப்புரிமைப் புகார் ஒன்றால் அந்த நேரலை நின்றுபோனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் ஓடி, 60 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்ட நேரலை அது. புகாரில் உண்மையில்லை என்று தெரிந்ததும் சில நாட்களில் புதிய நேரலை தொடங்கியது.

அவள் நம்மோடு பேசுவதில்லை. நம் பக்கம் ஒருமுறைகூடத் திரும்புவதில்லை. எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்பதில்லை. ஆனாலும் அவளைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டால்தான் வேலை ஓடுகிறது என்பவர்கள் ஏராளம்.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், வாசகர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் அங்கே வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு நூலகத்தின் அலமாரியிலிருந்து எதுவும் வேண்டாம். வேண்டியதெல்லாம் மேசை, விளக்கு, பக்கத்தில் குனிந்து படிக்கும் இன்னொரு தலை.

அந்த இன்னொரு தலையை மென்பொருளில் உருவாக்க முடியுமா? முடியும் என்று நம்பி இன்று பலர் முயல்கிறார்கள். திரையின் மூலையில் அமரும் பூனைகள், நம்மோடு சேர்ந்து ‘படிக்கும்’ பொம்மைகள், உரையாடும் செயற்கை நுண்ணறிவுத் தோழர்கள் என்று வகைவகையாக வருகின்றன. இவற்றில் எது உதவும், எது இன்னொரு கவனச்சிதறலாகிவிடும் என்பதற்கு 120 ஆண்டுக்கும் மேலான உளவியல் ஆய்வுகளில் தெளிவான தடயங்கள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இது: துணைக்கு வேலை இருப்பது இரண்டே இடங்களில். ஒன்று, வேலையைத் தொடங்கும் கணம். மற்றது, கவனம் வழுக்கியபின் திரும்பி வரும் கணம். இவ்விரண்டுக்கும் நடுவில் அது சும்மா இருக்கத் தெரிந்ததாக இருக்கவேண்டும்.

உடனிருப்பவரின் கண்

1898இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்தார். கடிகாரத்தை மட்டும் எதிர்த்துத் தனியே ஓட்டியவர்களைவிட, கூட ஒருவர் ஓட்ட ஓட்டியவர்கள் வேகமாக இருந்தார்கள். காரணம் தேட, 40 சிறுவர் சிறுமியரை அழைத்து மீன்பிடித் தூண்டிலின் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். சில நேரம் தனியாக, சில நேரம் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில். பாதிப் பேர் பக்கத்தில் ஆள் இருந்தபோது வேகமானார்கள். சிலருக்கு வேறுபாடு தெரியவில்லை. சிலரோ பதற்றத்தில் கை தடுமாறி மெதுவானார்கள்.

அந்தக் கடைசிக் குழுவைப் புரிந்துகொள்ள அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1965இல் ராபர்ட் ஸாயன்ட்ஸ் ஒரு விளக்கம் தந்தார். பிறர் உடனிருப்பது உடலையும் மனத்தையும் முடுக்கிவிடுகிறது. முடுக்கம் கூடும்போது நமக்கு ஏற்கெனவே பழகிய செயல் முந்திக்கொண்டு வருகிறது. செய்யும் வேலை கை படிந்ததாக இருந்தால் அது லாபம். புதிதாகவும் சிக்கலாகவும் இருந்தால் நஷ்டம். 1969இல் அவரும் சக ஆய்வாளர்களும் இதைக் கரப்பான்பூச்சிகளிடம் சோதித்தார்கள். வெளிச்சத்திலிருந்து தப்பி இருட்டுப் பெட்டிக்கு ஓடவேண்டும். ஒரு பாதை நேரானது, இன்னொன்று திரும்பிப் போகவேண்டியது. ஓரத்தில் ஒளி ஊடுருவும் பெட்டிகளில் பார்வையாளர்களாக வேறு கரப்பான்கள். பார்வையாளர்கள் இருந்தபோது நேர்ப்பாதையில் வேகம் கூடியது, திருப்பப் பாதையில் குறைந்தது. உளவியல் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பிடித்த சோதனை இது. ஆனால் 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது, நேர்ப்பாதையில் வேகம் கூடவில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தாலும் இந்த நிதானம் தேவைப்படுகிறது. 1983இல் சார்ல்ஸ் பாண்ட், லிண்டா டைட்டஸ் இருவரும் 241 ஆய்வுகளை, ஏறக்குறைய 24,000 பேரின் முடிவுகளை, ஒன்றாக அலசினார்கள். எளிய வேலையில் வேகம் கொஞ்சம் கூடுகிறது. சிக்கலான வேலையில் வேகமும் துல்லியமும் கொஞ்சம் குறைகின்றன. மனிதருக்கு மனிதர் தெரியும் வேறுபாட்டில், பிறர் உடனிருப்பதற்குச் சேரும் பங்கு 0.3 முதல் 3 சதவீதம்தான். வெறும் உடனிருப்பு ஒரு மாயமருந்து என்று நம்பித் துணையை வடிவமைப்பவர் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

உடனிருப்பில் எது நம்மைத் தொடுகிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1968இல் நிக்கலஸ் காட்ரெல் குழுவினர் அறையில் ஆட்களை உட்கார வைத்தார்கள். ஒரு சோதனையில் அவர்கள் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில், அடுத்து நடக்கப்போகும் நிறப்பார்வைச் சோதனைக்காக என்று சொல்லி அவர்களின் கண்களைக் கட்டியிருந்தார்கள். கண் கட்டியவர்களின் உடனிருப்பு வேலை செய்பவரைப் பாதிக்கவில்லை. பார்த்தவர்களின் உடனிருப்பு பாதித்தது. ஆள் இருப்பதைவிட, அந்த ஆள் நம்மை எடைபோடுகிறார் என்ற எண்ணமே நம்மை முடுக்குகிறது என்று இதிலிருந்து அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

மெய்நிகர் உருவங்களிலும் இதே கதைதான். 2003இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கிரிஸ்டல் ஹாய்ட், ஜிம் பிளாஸ்கோவிச், கிம்பர்லி ஸ்வின்த் மூவரும் மெய்நிகர் உலகத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். எதிரே இரண்டு மெய்நிகர் மனிதர்கள். சிலரிடம், அந்த உருவங்களை உண்மையான மனிதர்கள் இயக்குகிறார்கள் என்று சொன்னார்கள். சிலரிடம், கணினிதான் இயக்குகிறது என்றார்கள். திரையில் தெரிந்தது ஒன்றே. ஆனால் மனிதர் பார்க்கிறார் என்று நம்பியவர்கள் மட்டும், புதிய வேலையில் தடுமாறினார்கள். கணினி உருவம் என்று அறிந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

இந்தச் சோதனை, மெய்நிகர் துணையை வடிவமைப்பவருக்கு மிகப் பெரிய நற்செய்தி. கணக்குப் பாடம் புதிதாகக் கற்கும் மாணவிக்கும், விளங்காத பிழையைத் தேடும் மென்பொருள் பொறியாளருக்கும், மனிதக் கண் சுமையாக இருக்கும் இடத்தில் மென்பொருளின் உடனிருப்பு சுமையில்லாமல் இருக்கலாம். அதற்கு நிபந்தனை உண்டு. தான் மென்பொருள் என்பதை அது மறைக்கக்கூடாது, எடைபோடவும் கூடாது. லோஃபை கேர்ளின் கண்கள் அவளுடைய நோட்டின் மேல் இருப்பதன் அருமை இங்கே புரிகிறது. திரையில் ஒரு துணையை வரைகிறீர்கள் என்றால், அதற்கென்று ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்: தைக்கட்டும், வரையட்டும், படிக்கட்டும். பார்வை அந்த வேலையிலேயே இருக்கட்டும்.

தொடங்கும் கணம்

உடனிருப்பின் விசை அவ்வளவு சிறியது என்றால், துணை இருந்தால் வேலை நடக்கிறது என்று இத்தனை பேர் சொல்வது எப்படி? அவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டால் விடை கிடைக்கும். துணை இருந்ததால் வேகமாக எழுதினேன் என்று பெரும்பாலோர் சொல்வதில்லை. துணை இருந்ததால்தான் உட்கார்ந்தேன் என்கிறார்கள்.

வேலையைத் தள்ளிப்போடுவதை நேரத்தைத் திட்டமிடத் தெரியாத குறை என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். ஃபியூஷியா சிரோயிஸ், திமோத்தி பிச்சில் இருவரும் 2013இல் வேறொரு பார்வையை முன்வைத்தார்கள். முடிக்கவேண்டிய வேலை மனதில் ஒரு கசப்பை எழுப்புகிறது. பயமாக இருக்கலாம், சலிப்பாக இருக்கலாம், எங்கே தொடங்குவது என்று தெரியாத திகைப்பாக இருக்கலாம். வேலையை விட்டு விலகினால் கசப்பு உடனே தணிகிறது. அந்த உடனடி நிம்மதிக்காக நாளைய நம்மிடம் சுமையைத் தள்ளிவிடுகிறோம். ஆகவே தள்ளிப்போடுபவருக்கு இன்னும் அழகான கால அட்டவணை கொடுப்பதால் பெரிய பயனில்லை. தொடக்கத்தின் கசப்பைக் குறைத்தால் பயனுண்டு.

குறைப்பதற்கு நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வழி இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதிய முறை: ‘இது நடந்தால், அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரு முடிச்சுப் போட்டு வைப்பது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்தபோது, இந்த முடிச்சின் விளைவு நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இடைப்பட்டதாகத் தெரிந்தது. உளவியலில் இவ்வளவு மலிவான ஒரு உத்தி இவ்வளவு பயன் தருவது அரிது.

ஆனால் மனிதர்கள் இந்த முடிச்சைத் தாமாகப் போடுவதில்லை. ‘இன்னிக்கு ரிப்போர்ட்டை முடிக்கணும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நல்ல துணை இங்கே மூன்று கேள்வி கேட்கலாம். எப்போது? எங்கே? முதலில் கை எதைத் தொடும்? பதில் இப்படி மாறும்: ‘மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், சன்னலோர மேசையில் உட்கார்ந்து, மூன்றாம் பத்தியில் பாதியில் நிற்கும் வாக்கியத்தை முடிப்பேன்.’ முதல் வாக்கியம் ஒரு மலையைக் காட்டுகிறது. இரண்டாவது வாக்கியம் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்தைக் காட்டுகிறது. கசப்பு குறைவது அங்கேதான்.

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தங்கள் அனுபவத்திலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அறையில் இன்னொருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தால், தங்களால் தொடங்க முடிகிறது என்பார்கள். ‘பாடி டபுளிங்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஃபோகஸ்மேட் என்ற இணையச் சேவை இதையே முறைப்படுத்தியது. அறிமுகமில்லாத இருவரை வீடியோவில் இணைக்கிறது. தொடக்கத்தில் இருவரும் தாங்கள் செய்யப்போவதை ஒரு வரியில் சொல்கிறார்கள். பிறகு 25, 50 அல்லது 75 நிமிடம் அவரவர் வேலை. முடிவில், நடந்ததைச் சொல்லி விடைபெறுகிறார்கள். பேச்சு இரண்டு முனையிலும் மட்டும், நடுவில் அமைதி. மெய்நிகர் துணைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

நடுவில் பேசாதிருத்தல்

அமைதி எவ்வளவு முக்கியம் என்பதை மைக்ரோசாஃப்ட் விலை கொடுத்துக் கற்றது. ஆஃபிஸ் 97 மென்பொருளில் காகிதங்களைக் கோக்கும் கிளிப் ஒன்று கண்ணும் புருவமுமாக வந்து நின்றது. அதன் பெயர் கிளிப்பிட். மக்கள் அழைத்தது கிளிப்பி. கடிதத்தின் முதல் வரியைத் தட்டியதுமே, கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா என்று கேட்கும். நூறாவது கடிதத்திலும் அதையே கேட்கும்.

இதன் பின்னே நல்ல அறிவியல் இருந்தது என்பதுதான் வருத்தமான செய்தி. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் எரிக் ஹார்விட்ஸ் குழுவினர் லூமியர் என்ற திட்டத்தில், பயனர் என்ன செய்ய முயல்கிறார், அவருக்கு இப்போது உதவி தேவைப்படுமா என்பதை நிகழ்தகவுக் கணக்கால் ஊகிக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். ஆனால் சந்தைக்கு வந்த கிளிப்பி, தானாக எட்டிப் பார்ப்பதற்கு எளிய விதிகளையே நம்பியது. பயனரைப் பற்றி எதையும் நினைவில் வைக்கவில்லை. 2001இல் ஆஃபிஸ் எக்ஸ்பி வந்தபோது கிளிப்பி அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. ஆஃபிஸ் 2007இல் முழுவதும் நீக்கப்பட்டது.

1999இல் ஹார்விட்ஸ் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிப்படை எழுத்துகளுள் ஒன்று. அதன் சாரம் எளியது. ஒரு மென்பொருள் தானாக வாயைத் திறக்குமுன், பேசுவதால் கிடைக்கும் பயனையும் குறுக்கிடுவதால் ஏற்படும் இழப்பையும் தட்டில் வைத்து நிறுக்கவேண்டும். பயனர் எதில் ஆழ்ந்திருக்கிறார் என்பதில் ஐயமிருந்தால், பேசாதிருப்பதே பெரும்பாலும் சரி.

பேசியே தீரவேண்டும் என்றால் எப்போது பேசுவது? இலினாய் பல்கலைக்கழகத்தில் பிரையன் பெய்லி, ஷம்சி இக்பால் முதலியோர் கண்ணின் பாவையை அளந்து இதற்கு விடை தேடினார்கள். மனச்சுமை கூடும்போது பாவை விரிகிறது. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது விரிந்தும் சுருங்கியும் மாறுகிறது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் சுமை இறங்குகிறது. அந்த இடைவெளியில் வரும் குறுக்கீடு குறைவாகவே எரிச்சலூட்டுகிறது. கண்ணைப் படம்பிடிக்கும் கருவி இல்லாமலேயே இந்த இடைவெளியை ஓரளவு ஊகிக்கலாம்: கோப்பைச் சேமித்த கணம், மின்னஞ்சலை அனுப்பிய கணம், வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து விசைப்பலகை ஓய்ந்த கணம்.

சொல்லாமலே சொல்வதும் ஒரு கலை. 1990களில் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நடாலி ஜெரெமிஜென்கோ கூரையிலிருந்து எட்டடி நீள பிளாஸ்டிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டார். அதன் மேல்முனையில் ஒரு சிறு மோட்டார். அலுவலகக் கணினி வலையில் தகவல் ஓடும்போதெல்லாம் மோட்டார் துடிக்கும். வலை ஓய்ந்திருந்தால் கயிறு எப்போதாவது இழுபடும். நெரிசலானால் சுழன்று சுழன்று ஆடும். யாரும் அதை உற்றுப் பார்க்கவேண்டியதில்லை. கடைக்கண்ணில் பட்டாலே போதும். மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் இதை அமைதியான தொழில்நுட்பத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதினார்கள். துணையின் உருவமும் இப்படி இருக்கலாம். நேரம் போவதை எண்கள் இறங்கும் கடிகாரத்தால் காட்டாமல், அது தைக்கும் துணியில் பூ வேலைப்பாடு வளர்வதால் காட்டலாம்.

அமைதி காக்கும் துணை, வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டையும் தடுக்கலாம். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏபிபி நிறுவனத்தோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஃப்ளோலைட் என்பது மேசையில் வைக்கும் ஒரு சிறு விளக்கு. விசைப்பலகையும் மவுஸும் இயங்கும் விதத்தைக் கொண்டு, மேசைக்காரர் ஆழ்ந்த வேலையில் இருந்தால் சிவப்பாகிவிடும். 12 நாடுகளில் 449 பேரிடம் சோதித்ததில், சக ஊழியர்களின் குறுக்கீடு 46 சதவீதம் குறைந்தது. அந்த விளக்கு அதன் உரிமையாளரிடம் எதுவுமே சொல்லவில்லை. அவருக்காக மற்றவர்களிடம் சொன்னது.

வழுக்கியவர் திரும்பும் கணம்

எவ்வளவு காத்தாலும் கவனம் வழுக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் இருபது ஆண்டுகளாக இதை அளந்து வருகிறார். 2004 வாக்கில் கணினியில் வேலை செய்பவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்திருந்தார். 2012 வாக்கில் அது 75 விநாடி. பின்னர் வந்த அளவீடுகளில் சுமார் 47 விநாடி. அவருடைய ஆய்வுகளில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது: குறுக்கீடுகளில் ஏறக்குறைய பாதியை நமக்கு நாமே செய்துகொள்கிறோம். மணி அடிக்காமலேயே போனை எடுக்கிறோம்.

வழுக்குவதைத் தண்டிக்கலாமா? தைவானில் உருவாகி 2014இல் வெளியான ஃபாரஸ்ட் என்ற ஆப் ஒரு தெளிவான வழியைத் தேர்ந்தது. வேலை தொடங்கும்போது ஒரு விதை நடுகிறீர்கள். ஆப்பை விட்டு வெளியேறாதவரை மரம் வளரும், வெளியேறினால் வாடிவிடும். சேரும் நாணயங்களைக் கொண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியே உண்மையான மரங்களும் நடப்படுகின்றன. அழகான யோசனை, போனைத் தொடாமல் இருக்கப் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் வாடிய மரம் காட்டில் அப்படியே நிற்கும். ஏற்கெனவே தன்மேல் கோபமாக இருப்பவருக்கு அது இன்னொரு குற்றப்பத்திரிகை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010இல் முதலாண்டு மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால், அந்த வேலையை நினைத்தாலே கசப்பு கூடுகிறது. கசப்பு கூடினால் மறுபடி தப்பியோடுகிறோம். சங்கிலி அங்கே அறுபடவேண்டும். ஆகவே கவனம் சிதறிப் பதினைந்து நிமிடம் கழித்து வருபவரிடம், துணை கணக்குக் கேட்கக்கூடாது. ‘வாங்க. இரண்டாம் அட்டவணையில் விட்டிருந்தீங்க. அங்கேயே தொடங்கலாமா?’ என்றால் போதும்.

இதில் ‘இரண்டாம் அட்டவணை’ என்ற நினைவூட்டலுக்குத் தனி மதிப்புண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஸோஃபி லெராய் 2009இல் காட்டினார். அவரும் தெரெஸா குளோம்பும் 2018இல் அதற்கு மருந்தும் சொன்னார்கள். எழுந்து போகுமுன், எங்கே நிற்கிறேன், திரும்பியதும் என்ன செய்வேன் என்று சுருக்கமாகக் குறித்துவைத்தால், அந்தத் தங்கல் குறைகிறது. நினைவு வைத்துக்கொள்வது மென்பொருளுக்கு எளிது. மனிதருக்கு அரிதான இந்தச் சிறு சேவையைத் துணை தாராளமாகச் செய்யலாம்.

பரிசுகளிலும் எச்சரிக்கை தேவை. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று சிலரிடம் முன்பே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு இல்லாத சாதாரண நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். தானாக ஊறிய ஆசையைப் பரிசு வற்றவைத்துவிட்டது. விருப்பத்தோடு செய்யும் வேலைக்குப் புள்ளிகளும் பதக்கங்களும் சூட்டுமுன் வடிவமைப்பாளர் இந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளவேண்டும்.

பிடிப்பதும் பயன்படுவதும்

எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் திமோத்தி பிக்மோரும் ரோஸலிண்ட் பிக்கார்டும் உருவாக்கிய மெய்நிகர் உடற்பயிற்சித் துணையின் பெயர் லாரா. ஒரு மாதம் நாள்தோறும் மக்களிடம் பேசி, நடைப்பயிற்சிக்கு ஊக்கினாள். ஒரு குழுவுக்கு வந்த லாரா நலம் விசாரித்தாள், பரிவு காட்டினாள், முந்தைய பேச்சை நினைவுகூர்ந்தாள். இன்னொரு குழுவுக்கு வந்தவள் விஷயத்தை மட்டும் பேசினாள். 2005இல் வெளியான முடிவு: உறவாடிய லாராவை மக்களுக்கு அதிகம் பிடித்தது, அவளோடு தொடர விரும்பினார்கள். ஆனால் நடைப்பயிற்சியின் அளவில் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மனிதர்கள் இயந்திரத்தோடு உறவாடத் தயங்குவதே இல்லை. 1966இல் ஜோசஃப் வைஸன்பாம் வெளியிட்ட எலைஸா, நாம் சொன்னதைத் திருப்பிக் கேள்வியாக்கும் மிக எளிய நிரல். அது உருவாவதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சற்று உரையாடியதும், வைஸன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். இன்றைய மொழி மாதிரிகள் எலைஸாவைவிடப் பல மடங்கு நயமாகப் பேசுகின்றன. கவனத் துணைக்கு இது பெரிய ஆபத்து. கட்டுரை எழுதக் கசப்பாக இருக்கும்போது, இனிமையாகப் பேசும் துணையோடு அந்தக் கசப்பைப் பற்றியே அரைமணி நேரம் பேசலாம். தப்பியோட நாம் தேடும் இன்னொரு வாசலாக அதுவே ஆகிவிடும்.

பயனர் எத்தனை நிமிடம் ஆப்பில் இருந்தார், எத்தனை நாள் தொடர்ந்து வந்தார் என்பவையே பெரும்பாலான நிறுவனங்கள் அளக்கும் வெற்றி. கவனத் துணைக்கு இந்த அளவுகோல் தலைகீழானது. அது தன்னிடம் இழுத்துக்கொண்ட ஒவ்வொரு நிமிடமும் வேலையிலிருந்து எடுத்த நிமிடம்.

ஒரு துணையின் வரைபடம்

இவற்றையெல்லாம் சேர்த்தால் துணையின் உருவம் தெளிகிறது. அதற்கு முகம் இருக்கலாம், ஆனால் பார்வை தன் கைவேலையில் இருக்கும். தான் மென்பொருள் என்பதை முதல் நாளே சொல்லும். அமர்வின் தொடக்கத்தில் எப்போது, எங்கே, முதலில் எது என்று கேட்டு, பெரிய வேலையை முதல் ஐந்து நிமிடக் காரியமாகச் சுருக்க உதவும். மொழி மாதிரியின் திறமை முழுவதும் இந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குத்தான். பேச்சு நீண்டால் துணையே அதை முடித்துவைக்கும். பிறகு வாய் திறக்காது. எழுந்து போகிறவரிடம் விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும். திரும்பி வருபவரிடம் அதை மட்டும் சொல்லும். முடிவில் என்ன நடந்தது என்று கேட்கும், மதிப்பெண் போடாது.

விசைப்பலகை ஓய்வதை அது கவனிக்கலாம்; என்ன தட்டினார் என்பதைப் படிக்கவேண்டியதில்லை. வெப்கேமரா வேண்டாம். சேரும் குறிப்புகள் பயனரின் கருவியை விட்டு வெளியேறக்கூடாது. குறிப்பாக மேலதிகாரியின் மேசைக்குப் போகக்கூடாது. போய்விடும் என்ற ஐயம் எழுந்தாலே போதும், துணை கண்காணிப்பாளராகிவிடும். காட்ரெல் காட்டிய அந்த எடைபோடும் கண் அறைக்குள் வந்துவிடும். அலுவலகங்கள் ஊழியருக்கு இத்தகைய துணையை வாங்கித் தருவதாக இருந்தால், தரவு தங்களுக்கு வராது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரவேண்டும்.

இப்படி வடிவமைத்ததை எப்படிச் சோதிப்பது? மூன்று குழுக்கள் போதும்: துணையோடு ஒரு குழு, வெறும் டைமரோடு ஒரு குழு, எதுவும் இல்லாமல் ஒரு குழு. துணை பிடித்திருக்கிறதா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் அளக்கவேண்டியவை, உட்கார நினைத்ததற்கும் தொடங்கியதற்கும் இடையே எவ்வளவு நேரம் போயிற்று, வழுக்கியபின் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று, நாளின் முடிவில் வேலை எவ்வளவு நகர்ந்தது என்பவை. டைமரைவிடத் துணை இவற்றில் மேலாக இல்லையென்றால், டைமரையே பரிந்துரைக்கும் நேர்மை வடிவமைப்பாளருக்கு வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சில மாதம் பழகியவர் ஒரு வாரம் துணையை அணைத்து வைக்கட்டும். தொடக்கத்தின் மூன்று கேள்விகளையும் அவர் தாமாகவே கேட்டுக்கொள்கிறார் என்றால், துணை தன் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டது. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஏடிஹெச்டி உள்ள ஒருவருக்குத் துணை என்றென்றும் தேவைப்படலாம். கண்ணாடி அணிபவரிடம் எப்போது கழற்றப்போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. துணை தொடர்ந்து தேவைப்படுபவர்களுக்காக இந்தக் கருவி மலிவாகவும், தமிழ் உள்ளிட்ட தாய்மொழிகளில் மரியாதையாகப் பேசுவதாகவும், விற்பனைக்குப் பயன்படும் தகவல் எதையும் சேகரிக்காததாகவும் கிடைக்கவேண்டும்.

ஒருவர் தன் வேலைக்குக் கொடுக்கும் கவனம் அவருடைய வாழ்நாளின் ஒரு பகுதி. அதைப் பிடுங்கி விற்பதற்குப் பெரும் அறிவும் பணமும் செலவாகியிருக்கின்றன. அதைக் காத்து அவரிடமே ஒப்படைக்கவும் அதே அறிவு போதும். எதை அளந்து வெற்றி என்று சொல்கிறோம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும்.